பின் சக்கரத்துக்கு முப்பத்தாறு

நவம்பர் 3, ஞாயிறு

காலை சொட்டு மருந்து விட்டேன். இரவும் விட்டேன்.

இதை எழுதத்தான் இந்த டைரி. மருந்து விட்டதையும் விடாததையும் குறித்து வைக்கச் சொன்னது கண் டாக்டர். மகள் தெய்வானை ஓசூரிலிருந்து வந்திருந்தபோது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வரி எழுதியதும் மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. நான் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவன். டிரிப் ஷீட்டில் காலியிடம் விட்டால் டிப்போவில் கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்தப் பழக்கம் போகவில்லை. ஆகவே நிரப்புகிறேன்.

பெயர் ஆவுடையப்பன். ஊர் பாளையங்கோட்டை. எனக்குக் கண்ணில் பிரஷர். ரத்தத்தில் பிரஷர் வரும் என்று தெரியும், கண்ணுக்குள்ளும் வரும் என்பது எனக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நேராகப் பார்த்தால் சுவர்ப் பல்லியின் கால்விரல் வரை தெரிகிறது. வலது பக்கமாக வருவது மட்டும் கிட்டே வரும்வரை தெரிவதில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டியே தீருவேன் என்று நிற்க நான் மடையன் இல்லை, ரோட்டில் பிள்ளைகள் போகின்றன. ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினேன். ஒரு மாதம் அப்படியே தொங்கியது. பிறகு என் மனைவி உலகம்மை அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு டீச்சரோடு மைதானத்துக்குப் போனாள். செப்டம்பரில் லைசென்ஸோடு வந்து நின்றாள்.

நல்லதுதான். அவள் தைக்கிற ஜாக்கெட்டுகளை டவுன் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வண்டி வேண்டும். ஆனால் பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

மருந்து இரண்டு வேளையும்.

ஜேசுராஜ் வந்திருந்தான். என் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அவன் விசில் கேட்காமல் நான் கிளட்சிலிருந்து காலை எடுத்ததே கிடையாது. சீவலப்பேரிக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருக்கிறான். இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கிறார், பிறகு சாப்பாடு. அண்ணாச்சி வராமல் பந்தி போட மாட்டேன் என்று சொன்னான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு மைல் மண் பாதை. வழியில் யாராவது ஆளை நிறுத்துகிறேன் என்று அவன் சொல்லும்போதே உலகம்மை காப்பியோடு வந்து, தானே ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொன்னாள்.

ஜேசுராஜ் என்னைப் பார்த்தான். நான் காப்பியைப் பார்த்தேன்.

"ரெண்டு பேர் போகுத மாதிரி அதுல காத்து கெடையாது," என்றேன்.

வாயில் வந்தது அதுதான். போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு அவள் கூப்பிட்டபோதும் இதையேதான் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போனேன்.  உலகம்மை டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நவம்பர் 6, புதன்

யோசித்துப் பார்த்தால் நான் சொன்னது வெறும் சாக்கு இல்லை, அதில் விஷயம் இருக்கிறது.

ஸ்கூட்டரின் பின்பக்கம், சீட்டுக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். வாங்கிய நாளிலிருந்து இருக்கிறது, இன்றுதான் துணி போட்டுத் துடைத்துப் படித்தேன். முன் சக்கரத்துக்கு இருபத்திரண்டு பவுண்டு காற்று. பின் சக்கரத்துக்கு ஒருவர் போனால் இருபத்தொன்பது, இருவர் போனால் முப்பத்தாறு. நான் ஓட்டிய காலத்தில் முன்னும் பின்னும் நாற்பது. பஸ் ஓட்டியவனுக்குத் தொய்ந்த டயரைக் கண்டாலே பிடிக்காது. டிப்போவில் வண்டியை எடுக்கும் முன் வீல் ஸ்பேனரால் டயரை ஒரு தட்டுத் தட்டுவோம். 'டங்' என்றால் ஏறி உட்காரலாம், 'தொப்' என்றால் இறங்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டர் டயரும் 'டங்' என்று சொல்ல வேண்டும் என்பதுதான் என் கணக்கு. உலகம்மை அப்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டு இடுப்பு வலிக்கிறது என்பாள். நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருந்தால் வலிக்கத்தான் செய்யும்.

இப்போது என் கேள்வி இதுதான். இருவர் என்று கம்பெனிக்காரன் போட்டிருக்கிறானே, எந்த இருவர்? ஓட்டுகிறவர் பாரம் இரண்டு சக்கரத்துக்கும் பங்காகும். பின்னால் இருப்பவர் பாரம் முழுக்கப் பின் சக்கரத்தின் தலையில். முன்பு நான் எண்பத்துநாலு கிலோ முன்னால், அவள் ஐம்பத்தைந்து கிலோ பின்னால். அதை அப்படியே திருப்பிப் போட்டால் அதே முப்பத்தாறு செல்லுமா? இதைத் தீர்க்காமல் ஏறி உட்காருவது பொறுப்பில்லாத காரியம்.

உலகம்மையிடம் விளக்கினேன். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "தீந்ததும் சொல்லுங்க," என்றாள்.

நவம்பர் 8, வெள்ளி

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காற்று அளக்கிற கேஜ் ஒன்று வாங்கினேன். பேனா மாதிரி இருக்கிறது. அவள் டவுனிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியதும் பின் சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது காட்டியது. கேஜ் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், சூட்டில் காற்று கூடுதலாகக் காட்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன் அளக்க வேண்டும். இத்தனை வருஷ சர்வீஸில் இது எனக்கு மறந்து போனதே என்று வருத்தமாக இருந்தது.

நவம்பர் 9, சனி

காலை மருந்துக்குப் பிறகு அளந்தேன். முன் இருபத்திரண்டு. பின் முப்பத்தாறு.

ஒற்றை ஆளாகப் போகிறவள் முப்பத்தாறு வைத்துக்கொண்டு போகிறாள்! பின் சக்கரம் கல்லாக இருக்கிறது. ஒவ்வொரு குழியும் நேரே முதுகெலும்பில் ஏறும், டயர் நடுவில் மட்டும் தேயும், மழை ரோட்டில் பிடிப்பு இருக்காது. மழைக்காலம் வேறு. கூப்பிட்டு ஸ்டிக்கரைக் காட்டினேன். இங்கே பார், ஒருவர், இருபத்தொன்பது என்று விரல் வைத்துச் சொன்னேன். ஜாக்கெட் மூட்டைக்காக வைக்கிறாயா என்று கேட்டேன். மூட்டை நாலு கிலோ கூட வராது.

"அப்படி ஒரு வழக்கமாயிட்டு," என்றாள்.

முப்பது வருஷம் டிரைவரோடு குடித்தனம் நடத்தியவள் பேசுகிற பேச்சா இது? காற்றுக் கடையில் இருபத்தொன்பது என்று சொல்லி வைக்கச் சொன்னேன். சரி என்றாள்.

நவம்பர் 12, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. அவள் ஸ்கூட்டரில் போனாள், நான் பஸ்ஸில் போனேன். ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆஸ்பத்திரிக்கு. நான் போய்ச் சேரும்போது அவள் டோக்கன் போட்டு, இடம் பிடித்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்திருந்தாள்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். சின்ன வயசுப் பையன், நன்றாகத்தான் ஓட்டினான். ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. பக்கத்தில் இருந்தவர் தன் காலை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார்.

கண்ணில் பிரஷர் பதினாறுக்கு இறங்கியிருக்கிறது. முதலில் முப்பது இருந்தது. மருந்து கேட்கிறது என்று டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் வெளியே போய் வாருங்கள் என்றும் சொன்னார்கள். உலகம்மை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "ஒங்க கண்ணுல காத்து எறங்கிட்டு," என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருவரும் வாசல் வரை வந்தோம். அங்கிருந்து அவள் ஸ்டாண்டுக்குப் போனாள், நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

நவம்பர் 13, புதன்

மருந்து. மழை. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

டவுனுக்குப் போனவள் வர நேரமாகிவிட்டது. நல்ல மழை. போன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான், அதனால் திட்டவும் முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தெருமுனையில் போய் நின்றேன். சும்மா காற்று வாங்கத்தான். பாலத்தில் எண்ணெய் சிந்தியிருக்கும், மழைக்கு வழுக்கும், கல்லு மாதிரி டயர் அந்த இடத்தில் சுத்தமாகப் பிடிக்காது. இருபத்தொன்பது வைத்திருந்தால் ரோட்டில் கொஞ்சம் பதிந்து போகும்.

வந்தாள். மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஜங்ஷனில் தண்ணீர் நின்றதால் சுற்றி வந்தாளாம். "நீங்க எதுக்கு மழைக்குள்ள நிக்கிய?" என்றாள். காற்று எவ்வளவு வைத்தாய் என்று கேட்டேன். துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். அவள் தலை ஈரமாகவே இருந்தது.

நவம்பர் 16, சனி

காலையில் அளந்தேன். முப்பத்தாறு! தலையில் அடித்துக்கொண்டு வால்வை அழுத்தி நானே காற்றை இறக்கினேன். கேஜ் இருபத்தொன்பது காட்டியதும் விட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மாலையில் வந்து, "என்னமோ இன்னைக்கி வண்டி மெத்தையில போகுத மாதிரி போவுது," என்றாள். ரோடு போட்டிருப்பார்கள் என்றேன். மனசுக்குத் திருப்தியாக இருந்தது. இரவு அதிகப்படியாக ஒரு தோசை சாப்பிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

மறுபடியும் முப்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காற்றுக் கடைக்குப் போகிறாள், அங்கேதான் கோளாறு. கடைக்காரர் பீர் மைதீன் எல்லா ஸ்கூட்டருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே அளவாக ஏற்றுகிறார் போல. திரும்பவும் இருபத்தொன்பதுக்கு இறக்கிவிட்டேன். நாளைக்கு நேரில் போய் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும்.

ஜேசுராஜ் போன் செய்தான். சனிக்கிழமை வருகிறீர்கள்தானே என்றான். காற்று விஷயம் இன்னும் தீரவில்லை என்றேன். 

நவம்பர் 19, செவ்வாய்

மாலையில் நடந்தே பீர் மைதீன் கடைக்குப் போனேன். திருப்பத்தில் வலது பக்கமாக ஒரு சைக்கிள் வந்து கையை உரசிக்கொண்டு போனது. இடிக்கவில்லை.

கடையில் கூட்டம் இல்லை. ஒற்றை ஆள் போகிற வண்டிக்கு முப்பத்தாறு வைக்கிறீரே, வேலை தெரிந்துதான் செய்கிறீரா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வந்தார்.

"நான் எங்க வச்சேன் அண்ணாச்சி? மதினிதான் ஒவ்வொரு வாரமும் டபுள்ஸ் வைக்கச் சொல்லுதாவ. தனியாத்தானே போறிய, எதுக்குன்னு கேட்டேன். 'அவுக என்னைக்கு ஏறுவாகன்னு தெரியாது. ஏறுத அன்னைக்கு காத்து இல்லைன்னு சொல்லிரக் கூடாது'ன்னாவ."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். லைசென்ஸ் வாங்கிய வாரத்திலிருந்து என்றார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இரவு மருந்து விட்டேன். ஒரு சொட்டு வெளியே போய்விட்டது. இன்னொன்று விட்டேன்.

நவம்பர் 20, புதன்

மருந்து.

நவம்பர் 22, வெள்ளி

அவள் நாளைக்குக் கட்டப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள். என் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்து இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாள். வருகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மீதிப் பக்கத்தைச் சும்மா விடக் கூடாது என்பதால் எழுதிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. சீவலப்பேரி ரோட்டுக்கு டிப்போ வாசல் வழியாகத்தான் போக வேண்டும். எதிர்த்தாற்போல் டீக்கடை. என்னோடு ஓட்டியவர்கள் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். முப்பது வருஷத்தில் ஒரு ஆளை இடித்ததில்லை, ஒரு ஆடு கூட என் சக்கரத்தில் விழுந்ததில்லை. அந்த ஆவுடையப்பன் பின்னால் உட்கார்ந்து போவதை அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் இரண்டு மாதமாக யாரும் ஏறாத பின் சீட்டுக்குக் காற்று வைத்துக்கொண்டு குழியில் எல்லாம் குலுங்கிக் குலுங்கி ஒருத்தி போய் வந்திருக்கிறாள். அதை நினைத்தால் இந்த வெட்கம் எனக்கே கேவலமாகத் தெரிகிறது.

பின் சக்கரம் இருபத்தொன்பதில் நிற்கிறது. நான் இறக்கியது. அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 23, சனி

விடியும் முன்பே எழுந்துவிட்டேன். பரணிலிருந்து காலால் மிதிக்கிற பழைய பம்பை இறக்கி, குழாயில் இருந்த ஓட்டைக்கு டேப் சுற்றினேன். கடையில் அரை நிமிஷ வேலை. இதில் எண்பது மிதிக்கு ஒரு பவுண்டு ஏறுவது போல இருந்தது. மிதிப்பேன், கேஜ் வைப்பேன், மூச்சு வாங்குவேன், மறுபடி மிதிப்பேன். முப்பத்துமூன்று வரும்போது பனியன் நனைந்துவிட்டது.

பம்பு போடுகிற சத்தத்துக்கு யார்தான் தூங்குவார்கள்? திரும்பிப் பார்த்தேன். உலகம்மை வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். சிரிக்கிறாளா என்னவென்று தெரியவில்லை, வெளிச்சம் பத்தவில்லை.

"எத்தனை வைக்கிய?"

"முப்பத்தாறு."

கிட்டே வந்து கேஜை வாங்கி அவளே வைத்துப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு வைங்க. பின்னால உக்காருதது நீங்கல்லா," என்றாள்.

கம்பெனிக்காரன் போட்டிருப்பது முப்பத்தாறு, அதற்கு மேல் ஒரு பவுண்டு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "அப்பம் தீந்துட்டா விஷயம்?" என்றாள். தீர்ந்துவிட்டது என்றேன். காப்பி போடப் போய்விட்டாள்.

கிளம்பும்போது சட்டையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தேன். டயரை ஒரு தட்டுத் தட்டினேன். 'டங்' என்றது. அவள் ஹெல்மெட் மாட்டி, ஸ்டார்ட் செய்து, காலை ஊன்றிக் காத்துக்கொண்டிருந்தாள். நான் ஏறினேன். வண்டி பின்னால் ஒரு தரம் அமுங்கி நின்றது. அவள் கிளப்பவில்லை. ஏன் நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி இருந்தாள். ஏறியாச்சு, உட்கார்ந்தாச்சு என்று பின்னால் இருப்பவன்தானே சொல்ல வேண்டும். நான் இத்தனை காலம் கேட்டுத்தான் பழகியிருக்கிறேன்.

"போலாம், ரைட்," என்றேன்.

கிளப்பினாள்.

நன்றாக ஓட்டுகிறாள். சிக்னல் போட மறப்பதில்லை. வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறாள். இரண்டு இடத்தில் என் கால் பிரேக்கைத் தேடியது. "அங்க பிரேக் கெடையாது, சும்மா இருங்க," என்று திரும்பாமலே சொன்னாள். டிப்போ வாசலில் டீக்கடை பெஞ்சு நிறைய ஆட்கள்.  யாரோ கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அவ்வளவுதான், கடை பின்னால் போய்விட்டது. அடுத்த திருப்பத்தில் வலது பக்கமாக ஒரு மினி பஸ் வந்திருக்கிறது. அவள் நின்று வழிவிட்ட பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். அதன் பிறகு கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். மண் பாதை வருகிறது என்பதற்காக.

ஜேசுராஜ் வீட்டு வாசலில் நின்றிருந்தான்.  நாங்கள் தூரத்தில் வருவதைப் பார்த்ததும் உள்ளே ஓடிப் போய்த் தன் பழைய விசிலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, சாமியார் நிற்கிறார் என்றும் பார்க்காமல் ஒரு நீளமான ஊது ஊதினான். உலகம்மை பிரேக் போட்டு நிறுத்தினாள்.

இரவு மருந்து விட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

காலை மருந்து விட்டேன். முன் இருபத்திரண்டு. பின் முப்பத்தாறு. இறக்கவில்லை.